சைனஸ் அறுவை சிகிச்சையும் எட்டாம் நாள் பீரும்

தண்டையார்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் தூசிக்கு நடுவில்தான் வேலை என்பதால், மூக்கடைப்பையும் தலைபாரத்தையும் நோயாகவே நினைக்காமல் இருந்துவிட்டேன். மூக்கின் இருபுறமும் சதை வளர்ந்திருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிந்த பிறகு, எண்டோஸ்கோப்பி மூலம் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுநாளே வீடு திரும்பினேன். முகத்தில் தையலும் இல்லை, கட்டும் இல்லை. காயம் முழுவதும் உள்ளே இருக்கிறது என்பதை அதனாலேயே மறந்துபோனேன்.

மூக்கைச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையை உயர்த்திப் படுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் தந்த தாளில் எழுதியிருந்தது. மதுவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை; அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் நானும் கேட்கவில்லை. சிகிச்சைக்கு முன் மருத்துவர் விசாரித்தபோது, மனைவி பக்கத்தில் இருந்ததால், "எப்போதாவது" என்று சொல்லியிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் என்பதுதான் உண்மை.

எட்டாம் நாள் ராயபுரத்தில் மைத்துனர் மகனுக்கு நிச்சயதார்த்தம். வலி இல்லை, பல ஆண்டுகளுக்குப் பிறகு மூச்சு தாராளமாக வந்தது. மொட்டை மாடியில் பிள்ளைகள் "ஒரு பீர்தானே மாமா" என்றார்கள், குடித்தேன். நள்ளிரவில் தொண்டைக்குள் வெதுவெதுப்பாக எதுவோ இறங்க, விழித்துப் பார்த்தால் தலையணை உறை சிவந்திருந்தது. அண்ணாந்து படுக்கப் போன என்னை மகள் தடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, சற்று முன்பக்கம் சாயச் செய்து, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் கிண்ணத்தில் துப்பச் சொன்னாள். தொலைபேசியில் பேசிய செவிலியரும் அதையே சொன்னதோடு, பஞ்சை உள்ளே திணிக்கக் கூடாது என்றும், நிற்காவிட்டால் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்றும் கூறினார். கால் மணி நேரத்தில் நின்றது.

மறுநாள் மருத்துவரிடம் எதையும் மறைக்கவில்லை. முதல் இரண்டு வாரங்களில் உள்ளே படிந்த பொருக்குகள் பெயர்ந்துகொண்டிருக்கும்; அப்போது மது ரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் கசிவு எளிதில் தொடங்கிவிடும் என்று அவர் விளக்கினார். உடலில் நீர் குறைந்து சளி கெட்டியாவது வேறு. மாத்திரைகளைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்: ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையோடு மது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படலாம், தூக்கம் வரவைக்கும் மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதியிருந்தால் அது முடிந்து மூன்று நாள் வரை தொடவே கூடாது. தினமும் அதிகம் குடிப்பவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் அழுத்தமாகச் சொன்னார். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம் மட்டுமல்ல, வலிப்பும் வரக்கூடுமாம். இதை என் தெருவில் எத்தனையோ பேருக்குச் சொல்ல வேண்டும்.

பொதுவாக இரண்டு வாரமாவது தவிர்க்கச் சொல்வது வழக்கமாம். எனக்கு ரத்தம் வந்துவிட்டதால், அவரே உள்ளே பார்த்து ஆறியிருப்பதை உறுதி செய்யும்வரை வேண்டாம் என்றார். கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புப் பொடியைக் கலந்து தினமும் மூக்கைக் கழுவிக்கொண்டு, ஐந்து வாரம் காத்திருந்தேன். அனுமதி கிடைத்த பிறகு, மாத்திரைகள் எல்லாம் முடிந்திருந்த ஒரு நாளில், சாப்பாட்டோடு அரைக் குவளை பீர் மட்டும் குடித்தேன். ரத்தம் வரவில்லை, ஆனால் அரை மணி நேரத்தில் இடது பக்கம் அடைத்துக்கொண்டது. மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்களில் பலருக்குச் சிறிதளவு மதுவே இப்படி அடைப்பை உண்டாக்கும் என்று முன்பே கேட்டிருந்ததால், குடித்த அளவையும் அடைத்த நேரத்தையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்துப் போவேன்.