சென்ட்ரல், பார்க், பார்க் டவுன்: எங்கே ஏறணும்?

வெளியூரிலிருந்து சென்னை சென்ட்ரலில் இறங்கி, "தாம்பரம் வண்டி எந்த பிளாட்பாரம்?" என்று தேடாதீங்க. அங்கே அந்த வண்டி வராது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பார்க் ஸ்டேஷனுக்குப் போகணும். வேளச்சேரிக்கு அதை ஒட்டியே உள்ள பார்க் டவுன். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம்.

கூப்பிடு தூரத்தில் ஏன் இத்தனை? சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வே 1873இல் திறந்த அகலப்பாதை நிலையம். தாம்பரம் பாதை தென்னிந்திய ரயில்வேயுடையது, மீட்டர் கேஜ். 1931இலேயே மின்சார ரயில் ஓடியது, மீட்டர் கேஜ் லோக்கல் நின்றது 2004இல்தான். கம்பெனியும் வேறு, தண்டவாள அகலமும் வேறு. இப்போது வேளச்சேரி வரை போகும் பறக்கும் ரயில் 1995இல் தனித் தடத்தில் வந்தது.

டிக்கெட் எடுக்கும்போது பார்க், பார்க் டவுன் இரண்டும் தனித்தனி ஸ்டேஷன் என்பதைக் கவனிங்க. அவசரத்தில் பலரும் மாற்றி எடுப்பது இங்கேதான். தாம்பரம் பக்கமிருந்து வந்து வேளச்சேரி வண்டிக்கு மாறுறவங்க, வெளியே நடக்க முடியாவிட்டால் அடுத்த ஸ்டேஷனான கோட்டையில் மாறுங்க. இரண்டு வண்டியும் அங்கே நிற்கும். பெட்டி, குழந்தையோடு வர்றவங்க சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம், சுரங்கப்பாதையிலேயே போங்க.