ஸ்டெப்னி வேணுமா, வேணாமா?

இப்ப வர்ற நிறைய புது கார்ல ஸ்டெப்னியே தர்றதில்ல, அதுக்குப் பதிலா ஓட்டைய அடைக்கற ஒரு சீலன்ட் பாட்டிலும் காத்தடிக்க குட்டி கம்ப்ரசரும் வச்சு அனுப்பிடறாங்க, கேட்டா வெயிட் கொறையும் டிக்கில இடம் கெடைக்கும்ங்கறாங்க. டயர் ரோட்ல பதியற பக்கம் சின்னதா ஆணி ஏறினா, சுமாரா 6 மி.மீ ஓட்டை வரைக்கும், அது சமாளிக்கும். சைடுவால், அதாவது டயரோட பக்கவாட்டுப் பகுதி கிழிஞ்சா? எவ்ளோ ஊத்தினாலும் நிக்காது, டோயிங் வண்டிக்கு போன் போட வேண்டியதுதான். ராத்திரில நெடுந்தூரம் போறவங்க ஸ்டெப்னி இல்லாம கெளம்பாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஸ்டெப்னியா தந்தது ஒல்லியான டெம்பரவரி வீல்னா பொதுவா 80 கி.மீ வேகத்தத் தாண்டக்கூடாது, அதுல பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காத்து வேற இருக்கணும், அத யாரு செக் பண்றா! அப்புறம், டியூப்லெஸ்ல ஆணி குத்தியிருந்தா அங்கயே புடுங்கிடாதீங்க, அது உள்ள இருக்கறவரைக்கும் காத்து பெரும்பாலும் மெதுவாத்தான் எறங்கும், காத்து அடிச்சுக்கிட்டு பக்கத்து பஞ்சர் கடை வரைக்கும் மெல்லமா ஓட்டிடலாம்.