இரண்டு பச்சைக் கிளிகளும் ஒரு வெள்ளைக் குஞ்சும்: பட்ஜி நிறக் கணக்கு

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று எல்லோரும் வாங்கி வளர்க்கும் பட்ஜி கிளிகள்தான் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் இருக்கின்றன. முதல் ஜோடியில் ஆணும் பச்சை, பெட்டையும் பச்சை. முதல் அடையில் பொரித்த குஞ்சுகளில் மூன்று பச்சை, ஒன்று வான்நீலம், ஒன்று முழு மஞ்சள். அன்று முதல் ஒவ்வொரு குஞ்சுக்கும் காலில் வளையம் போட்டு, எண்ணையும் நிறத்தையும் எழுதி வருகிறேன். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆனதும் வளையத்தை மாட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் விரல்கள் தடித்துவிடும், வளையம் ஏறாது.

பட்ஜியின் உடலில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகில் மஞ்சள் நிறமி இருக்கிறது. இறகின் நுண்ணிய அமைப்பும் அதற்குள் உள்ள மெலனின் என்னும் கரு நிறமியும் சேர்ந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. மஞ்சளும் நீலமும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சளைத் தயாரிக்கும் மரபணு வேலை செய்யாவிட்டால் மிஞ்சுவது நீலம். அந்த மரபணு எது என்பதை 2017இல் கண்டுபிடித்தார்கள். மெலனின் இல்லாமல் போனால் மிஞ்சுவது மஞ்சள், அதுதான் லூட்டினோ. இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை, அதாவது அல்பினோ. இது புரிந்த பிறகு, வெள்ளையை ஒரு தனி நிறமாக நான் நினைப்பதே இல்லை. அது இரண்டு இழப்புகள் ஒரே பறவையில் கூடிய நிலை.

நீலம் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு நீலக் குஞ்சு வந்துவிட்டதால், என் பச்சைகள் இரண்டுமே நீலத்தை மறைத்து வைத்திருப்பவை என்பது உறுதியாயிற்று. மஞ்சளின் கதை வேறு. மெலனினை இல்லாமலாக்கும் மரபணு, ஆணா பெட்டையா என்பதைத் தீர்மானிக்கும் பால் நிறப்புரியில் (குரோமோசோமில்) இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இசட் (Z) என்னும் அந்த நிறப்புரி இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். ஆகவே பெட்டையால் இதை மறைத்து வைக்க முடியாது, இருந்தால் தெரிந்தே தீரும். என் மஞ்சள் குஞ்சு தந்தையிடமிருந்துதான் அதை வாங்கியிருக்க வேண்டும், அது பெட்டையாகவும்தான் இருக்க வேண்டும். வளர்ந்ததும் அலகின் மேலுள்ள சதை பழுப்பாகி, பெட்டை என்பதை உறுதிப்படுத்தியது.

இப்படிப்பட்ட குஞ்சை இறகு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். பானைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சாதாரணக் குஞ்சின் மூடிய இமைக்குள் கண் கருநீலப் புள்ளியாகத் தெரியும். லூட்டினோவுக்கும் அல்பினோவுக்கும் அந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கும். பிறகு இறகுக் குருத்தின் நுனி மஞ்சளாகப் பிதுங்குகிறதா வெள்ளையாகப் பிதுங்குகிறதா என்பதுதான் காத்திருக்க வேண்டிய விஷயம்.

எனக்கு வெள்ளை வேண்டியிருந்தது. பழைய ஜோடியில் நீலம் வர நான்கில் ஒரு வாய்ப்பு, சிவப்புக் கண் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டும் தனித்தனி நிறப்புரிகளில் இருப்பதால் பெருக்கிக்கொள்ளலாம். பதினாறில் ஒன்று. அதே ஆணுடன் தக்கலையில் வாங்கிய வான்நீலப் பெட்டையைச் சேர்த்தால் நீலத்தின் வாய்ப்பு பாதியாக உயர்கிறது, வெள்ளைக்கு எட்டில் ஒன்று. மஞ்சள் மகளைத் தந்தையுடனே சேர்த்தால் சிவப்புக் கண் இன்னும் எளிதில் வரும். ஆனால் நெருங்கிய இரத்தத்தில் குஞ்சு எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, குஞ்சுகள் நோஞ்சானாகப் போவதைப் பிறர் கூண்டுகளில் பார்த்திருக்கிறேன்.

பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும், ஏறக்குறைய 18 நாளில் பொரிக்கும். குளச்சல் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு நீக்கிக் காயவைத்துக் கொடுக்கிறேன், சுண்ணாம்புச் சத்துக்கு அதைவிட நல்லது வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் தினையை மூடி வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். புதிய ஜோடியில் முதலில் பச்சையும் நீலமும் மட்டுமே வந்தன. அடுத்த அடையில் சிவப்புக் கண்ணோடு இரண்டு. ஒன்றின் குருத்து மஞ்சள், மற்றது பால் வெள்ளை!

வடிவம் தனிக் கணக்கு. சாதாரணப் பட்ஜியின் சிறகில் கறுப்புத் தூவலுக்கு வெளிர் விளிம்பு இருக்கும். ஸ்பாங்கிள் என்ற வகையில் அது தலைகீழ், வெளிர் தூவலுக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு. அந்த மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் இந்தக் கோலம், இரண்டு இருந்தால் கோலமே அழிந்து முழு மஞ்சளோ முழு வெள்ளையோ ஆகிவிடும். அதனால் கடையில் மஞ்சள் பறவை வாங்கும்போது கண்ணைப் பாருங்கள். சிவப்பென்றால் லூட்டினோ, கறுப்பென்றால் இரட்டை ஸ்பாங்கிளாக இருக்கலாம். இரண்டும் தரும் குஞ்சுகளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது அடர்நிறப் பண்பைப் பிடித்திருக்கிறேன். ஒரு பிரதி வான்நீலத்தைக் கோபால்ட் என்னும் அடர்நீலமாக்கும், பச்சையைக் கரும்பச்சையாக்கும். இங்கே மட்டும் வெறுமனே பெருக்கினால் விடை தவறும், ஏனென்றால் அடர்நிறமும் நீலமும் ஒரே நிறப்புரியில் சேர்ந்து பயணிப்பவை. கோபால்ட் ஆண் ஒன்றை, நீலம் கலக்காத பச்சைப் பெட்டையுடன் விட்டிருக்கிறேன். அதில் வரும் கரும்பச்சைப் பிள்ளைகளை வான்நீலத்துடன் இணைத்தால் கோபால்ட்டும் வெளிர் பச்சையும்தான் அதிகம் வர வேண்டும். இடையில் அபூர்வமாகக் கரும்பச்சையோ வான்நீலமோ வந்தால், அந்தக் குஞ்சில் பிணைப்பு அறுந்து மாறியிருக்கிறது என்று பொருள். அவற்றின் வளைய எண்களுக்கென்று நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன்.