ரப்பர் தோட்டத் தடங்களுக்கு ஏற்ற பந்தய மிதிவண்டி

முன்சக்கரத்தோடு பின்சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் வைத்தால் எடை கூடும், மிதிக்கும் வலு வீணாகும் என்று கரடுமுரடான மண் தடங்களில் நடக்கும் கிராஸ் கன்ட்ரி மிதிவண்டிப் பந்தய வீரர்கள் பலர் நெடுங்காலம் கருதியிருந்தனர்; ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி இரு சக்கரங்களுக்கும் சஸ்பென்ஷன் உள்ள முழு சஸ்பென்ஷன் வண்டியில்தான் தங்கம் வென்றார். இன்று கார்பன் சட்டமும் 29 அங்குலச் சக்கரமும் சஸ்பென்ஷனில் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அசைவும் கொண்ட இவ்வகை வண்டிகள் பல, 10 முதல் 12 கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்குள் பிரியும் மண் தடங்களில், மழைக்குப் பின் வழுக்கும் வேர்களின் மீது ஏறும்போதுதான் இதன் அருமை எனக்குப் புரிந்தது. பின்சக்கரம் துள்ளாமல் தரையைப் பற்றியே உருள்வதால், இருக்கையை விட்டு எழாமலே மிதிக்க முடிகிறது. தார்ச்சாலை வந்ததும் கைப்பிடியிலுள்ள விசையால், பின்சக்கர அதிர்வைத் தாங்கும் ஷாக்கை அசையாதபடி பூட்டிவிடலாம்.

ஷாக்கின் காற்றழுத்தத்தில் மட்டும் அசட்டை கூடாது. ஓட்டும் உடையோடும் தண்ணீரோடும் ஏறி அமர்ந்து, ஷாக்கின் தண்டிலுள்ள ரப்பர் வளையம் மொத்த அசைவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை நகரும்படி காற்றை அமைக்க வேண்டும். சாலையில் மட்டும் ஓட்டுவோருக்கு இவ்வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக்கு இரு பருவமழை பெறும் நம் மாவட்டத்தில் பின்பகுதியின் அசையும் இணைப்புகளிலுள்ள பேரிங்குகளுக்குள் சேறு புகுவதால், பராமரிப்புச் செலவும் கூடுதலே.