அத்தான் கடையின் கடல்மீன் தொட்டி

பரந்தனில் அத்தான் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. 300 லீற்றர் பிடிக்கும். மாரிமழை விட்ட கையோடு அதை வைத்தார். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் கோமாளி மீனும் நீல டாம்செல் மீனும் வந்தன. வந்ததெல்லாம் செத்தன. திரும்ப எடுப்பித்தார், அவையும் செத்தன.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சமையற்கட்டுப் புகை என்றார் சமையற்காரர். கடைக்கு வாறவை எல்லாம் பார்த்துப் பார்த்து நாவூறு பட்டுவிட்டது என்றா அக்கா. மீன் விற்றவர் தொலைபேசியில் "நோய்தான், நீல மருந்தை ஊத்துங்கோ" என்று முடித்துவிட்டார். அத்தானுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. "தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இதில என்ன பிழை இருக்க ஏலும்?"

நான் அவரிடம் கேட்டது ஒன்றே: ஒவ்வொரு மீனும் விட்டு எவ்வளவு நேரத்தில், எப்படிச் செத்தது? கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொன்னேன். இந்த வேலையில் எனக்கு அதிகம் உதவியது அந்தப் பக்கம்தான். விட்ட சில மணித்தியாலத்தில் சாகிற மீன் பெரும்பாலும் பயணத்தாலோ நீர் மாறிய அதிர்ச்சியாலோ சாகிறது. கரண்ட் போன இரவுக்கு அடுத்த காலையில் பல மீன் ஒன்றாக மிதந்தால் ஒட்சிசன் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். சூடான உப்புநீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். ஒட்டுண்ணி என்றால் மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும், உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி வரும். எங்கள் கொப்பியில் இருந்தது வேறு. முதல் நாள் நன்றாக நீந்தும், சாப்பிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் மேலே வந்து வேகவேகமாக மூச்சு வாங்கும், பிறகு செத்துவிடும். புள்ளி எதுவும் கிடையாது. மீன் வந்த பிறகு தொட்டிக்குள்ளேயே ஏதோ சேர்கிறது என்று பட்டது.

ஆனாலும் முதலில் உப்பைப் பார்த்தோம், ஏனென்றால் அதை அளப்பது சுலபம். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்யும் உறவுக்காரர் ஒருவர் பாத்திநீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கிற போமே மானியைக் கொண்டுவந்தார். நல்ல கடல்நீர் அதில் மூன்றரைப் பாகை காட்டும். எங்கள் தொட்டி இரண்டுதான் காட்டியது. காரணம் உடனே பிடிபட்டது. வாகனத்தை நிறுத்த வசதி என்று அத்தானின் பெடியன்கள் வட்டுவாகல் பாலத்தடியில் கான்களை நிரப்பியிருக்கிறார்கள். மாரியில் நந்திக்கடல் வாய் திறந்து மழைநீர் கடலில் சேருகிற இடம் அது.

படகில் போகிறவரிடம் கான்களைக் கொடுத்து வெளிக்கடல் நீர் எடுப்பித்து மாற்றினோம். மானி மூன்றரைக்கு வந்தது. அத்தான் சந்தோசத்தில் மறுபடியும் மீன் எடுத்தார். அதே மூன்றாம் நாள், அதே சாவு. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. ஒட்டுண்ணியை அழிப்பதற்கென்றே கடல்மீன்களை 1.009 ஒப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்த அடர்த்தி) வரை உப்புக் குறைத்த நீரில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். எங்கள் நீர் அதைவிட உப்பானது, 1.014 அளவில். உப்புக் குறைவு கெடுதல்தான், ஆனால் கொலைகாரன் அது இல்லை.

பிறகுதான் கொழும்பிலிருந்து அமோனியாச் சோதனைத் துளிகள் எடுப்பித்தோம். மஞ்சளாக இருக்கவேண்டிய நீர் கடும்பச்சையானது. அட்டையில் லீற்றருக்கு 4 மில்லிகிராம் என்ற கட்டம். பூச்சியமாக இருக்கவேண்டியது. கண்ணாடி போன்ற தண்ணீர் என்று அத்தான் சொன்னதில் பொய் இல்லை, அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

மீனின் செவுளும் கழிவும் அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். நைத்திரோசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்று ஆக்கும், நைத்திரோசுபைரா போன்றவை அதை நைத்திரேற்று ஆக்கும். இவை வாழ்வது மணலிலும் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு. இங்கே நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு தரமும் மீன் செத்ததும் கடைப் பெடியன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எச்சில் கோப்பை கழுவுவதுபோலக் கிணற்று நீரில் உரஞ்சி வெயிலில் காயவைத்தார்கள். மிச்சமிருந்த பற்றீரியாவை நீல மருந்து பார்த்துக்கொண்டது. அந்த மருந்தான மெத்திலீன் நீலம் இந்தப் பற்றீரியாக்களையும் தாக்கும். சுத்தம் கூடக்கூட மீன் சாவதும் கூடியது.

கடல்நீரில் இது இன்னும் மோசம். நீரின் பி.எச்., அதாவது அமில காரத் தன்மையின் அளவு, 8.2, வெப்பம் 30 பாகை என்றால் மொத்த அமோனியாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நச்சு வடிவத்தில் இருக்கும். பி.எச். 7 இல் அது நூற்றில் ஒன்றுகூட வராது. நன்னீர்த் தொட்டியில் தப்பிப் பிழைக்கும் அளவு இங்கே ஆளை முடித்துவிடும். இரவு பஸ்ஸில் வரும் பையிலும் இதே கணக்குத்தான். மீன் விட்ட காபனீரொட்சைட்டால் பைக்குள் பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அமோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்து தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் விட்டால் பி.எச். ஏறி நஞ்சும் ஏறும். உப்பளவை முன்கூட்டியே விசாரித்துத் தனித் தொட்டியில் அதே உப்பளவுள்ள நீரை ஆயத்தமாக வைத்து, வெப்பம் சமனானதும் மீனைக் கையால் மாற்றி, பைநீரை வெளியே ஊற்றுவது நல்லது.

மாற்று வழி மலிவானது. மீன் இல்லாமல் தொட்டியை ஓடவிட்டு, வலைத்துணியில் ஒரு பச்சை இறாலைக் கட்டி அழுகவிட்டோம்; அது விடும் அமோனியாவில் பற்றீரியா பெருகும். கல்லுக்குக் கடலில் கைவைக்க முடியாது, பவளப்பாறை எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். பற்றீரியா ஒட்டக் கடைச் செராமிக் வளையமும் கழுவிய சிப்பி ஓடும் போதுமாக இருந்தன. மணத்தைப் பற்றிச் சாப்பிட வந்தவர்கள் முறைப்பட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டியிருந்தது. அமோனியா ஏறி இறங்கியது, பின்னால் நைத்திரைற்று ஏறி இறங்கியது. கடல்நீரில் நிறையக் குளோரைட்டு இருப்பதால் நைத்திரைற்று அவ்வளவு கொல்லாது, ஆனாலும் இரண்டும் பூச்சியமாகும்வரை அத்தானைப் பிடித்து வைத்திருந்தேன். ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்புத் தங்கிவிடும். அதனால் மேலே நிரப்பக் கடல்நீர் கூடாது, எங்கள் கல்லுத்தண்ணியும் வேண்டாம் என்று கடையில் விற்கும், உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரை ஊற்றுகிறோம். கரண்ட் போனால் ஓட ஒரு பற்றரிக் காற்றுப் பம்பியும் உண்டு.

முதலில் கோமாளிச் சோடி ஒன்று. நாளுக்கு நாள் சோதித்து, அமோனியா ஏறவில்லை என்று தெரிந்த பிறகே டாம்செல். இப்போது துளி பச்சையானால் காரணம் ஒன்றுதான்: பக்கத்து மேசையில் இருக்கிற பிள்ளைகள் றொட்டித் துண்டு போடுகிறார்கள். அத்தான் மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.