2020 அலபாமா அள்ளிய விருதுகள்

கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரே சீசனில் ஒரே அணி விருதுகளை அள்ளியது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2020 அலபாமா பல்கலைக்கழக அணிதான். டெவான்டா ஸ்மித்துக்கு நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் டிராபி! 1991-இல் டெஸ்மண்ட் ஹோவர்ட் வாங்கியதற்குப் பிறகு அதுவரை வேறெந்த வைட் ரிசீவருக்கும் (ஓடிப்போய் பந்தைப் பிடிப்பவர்) அது கிடைக்கவில்லை, பெரும்பாலும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளே தட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் மேக் ஜோன்ஸுக்கு சிறந்த குவார்ட்டர்பேக்குக்கான டேவி ஓ'பிரையன், நஜீ ஹாரிஸுக்கு பந்தோடு ஓடும் சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர், அலெக்ஸ் லெதர்வுட்டுக்கு முன்வரிசையில் மோதும் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் லேண்டன் டிக்கர்சன். நாட்டின் சிறந்த சென்டருக்கான (முன்வரிசையின் நடுவில் நின்று குவார்ட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுப்பவர்) ரிமிங்டன் டிராபி அவருக்குத்தான். டிசம்பரில் ஃப்ளோரிடாவுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது, சீசனே முடிந்தது என்றார்கள். சரி, ஜனவரி 11 அன்று ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான இறுதிப்போட்டிக்கு மனுஷன் ஜெர்சி, பேடு எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். 52-24 என்று வெற்றி உறுதியானதும் கடைசி நிமிடத்தில் அவரையே சென்டராக இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் நிக் சேபனை அப்படியே தூக்கிவிட்டார்!

லைன்மேன்கள் செய்யும் வேலையை யாரும் கவனிப்பதில்லை. அந்த வருடம் அலபாமாவின் ஆஃபென்சிவ் லைன் (தாக்கும்போது ஆடும் முன்வரிசை) மொத்தத்துக்கும் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.