இலவசமாக நடிக்கிறவர்களிடம் உரிமை கேட்கலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராக இருந்துகொண்டே, பிள்ளைகள் நடிக்கிற மாதிரி சின்னச் சின்ன நாடகங்கள் எழுதி வருகிறேன். சிலது புத்தகமாகவும் வந்திருக்கிறது. அதனால் ஆண்டு விழா மாதம் வந்தால் போன் வரும். "சார், உங்க நாடகத்தப் போட்டுக்கலாமா, காசு ஏதாச்சும் கட்டணுமா?" ஒன்றும் கட்ட வேண்டாம், எழுதினவர் பெயரை மேடையில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அது போதும் என்பேன். ஆனால் இதே பதிலை எல்லாருக்கும் சொல்ல முடியாது. லாப நோக்கம் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலவிதம் உண்டு.

பள்ளிகளைப் பொறுத்தவரை நான் அனுமதி கொடுக்கிறேன் என்று சொல்வதே பெரிய வார்த்தை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் படித்தாலே போதும். ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பள்ளி ஊழியர்களும் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் பார்த்தால் அது உரிமை மீறல் இல்லை. டிக்கெட் போடாமல் ஊரில் ஒரு அமெச்சூர் குழு நடித்தாலும் இல்லை. வகுப்பில் பாடம் நடத்துவதற்காக ஆசிரியர் நகல் எடுத்தாலும் இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பார்வையற்ற பிள்ளைகளுக்காக லாப நோக்கமில்லாத அமைப்புகள் பிரெயிலாகவோ ஒலிப்பதிவாகவோ மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஊத்தங்கரை பக்கத்திலிருந்து ஒரு டீச்சர், பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தன்னார்வலர்கள் சேர்ந்து என் புத்தகத்தைப் படித்துப் பதிவு செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என்னைக் கேட்கவே வேண்டியதில்லைங்க டீச்சர், சட்டமே கொடுத்திருக்கிறது என்றேன்.

டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் 2012இல் ராமேஸ்வரி என்கிற ஜெராக்ஸ் கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து ஒரே கட்டாக மாணவர்களுக்குக் கொடுத்ததுதான் புகார். 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது, 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. வழக்கைக் கைவிடுங்கள் என்று பதிப்பகங்களைக் கேட்டவர்களில், பொருளாதார நூல்கள் எழுதிய அமர்த்தியா சென்னும் இருந்தார். எழுதினவர்கள் படிக்கட்டும் என்கிறார்கள், புத்தகம் போட்டவர்கள் கூடாது என்கிறார்கள். எழுத்தாளர் உரிமை என்று பேசும்போது யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கெலமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் என் குழந்தைத் திருமண நாடகத்தைப் போட்டார்கள், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அவள் யாருக்கும் தெரியாமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்கிறாள், அதோடு நாடகம் முடியும். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், வசனம் அவர்கள் வாயில் வேறு ராகத்தில் வந்தது. அம்மா வேடம் போட்ட ஒன்பதாம் வகுப்புப் பெண், புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைச் சொன்னாள். "எனக்கும் பரீட்சை ரிசல்ட் வர்றதுக்கு முந்தி தாலி வந்துருச்சு" என்று, அழாமல், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். பந்தலில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் சத்தம் அடங்கிப்போனது. நான் எழுதிய அம்மா அதுவரை வெறும் தடையாகத்தான் நின்றாள், அந்த ஒரு வரியில் ஆளாகிவிட்டாள். அடுத்த பதிப்பில் அந்த வரியைச் சேர்த்து, எந்தப் பள்ளியின் மாணவி சொன்னது என்றும் போட்டேன். அவள் வரிக்கு அவள்தானே சொந்தக்காரி.

இதே நாடகத்தை ஒரு தொண்டு நிறுவனம் எடுத்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டக் கிராமங்களிலும் விழிப்புணர்வு நாடகமாகப் போட ஆரம்பித்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன், அதுகூடப் பரவாயில்லை. பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் பார்த்த நண்பர் சொல்லித்தான் முடிவையே மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. பெண் போன் செய்வது இல்லை. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து நீளமாகப் பேசுகிறார், ஊரே சேர்ந்து அம்மாவைத் திட்டுகிறது, அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். அதற்குக் கதை வசனம் என்று என் பெயர். கீழே உட்கார்ந்து பார்க்கிறவர்கள் யார்? அதே அம்மாக்கள்தான். தனக்கே பதினைந்து வயதில் கல்யாணமானவளைக் கூட்டிவந்து உட்காரவைத்து, மேடையில் அவளைக் காலில் விழவைப்பதற்காக நான் அதை எழுதவில்லை.

போன் செய்தேன். "சேவைதானே சார், நாங்க இதுல சம்பாதிக்கிறோமா" என்றார்கள். அந்தத் திட்டத்துக்கு நிதி வந்திருந்தது. வேனுக்குக் காசு, மைக்செட்டுக்குக் காசு, ஃபிளெக்ஸுக்குக் காசு, நடிக்கிறவர்களுக்குப் படி, மேற்பார்வையாளருக்குச் சம்பளம், எழுதினவனுக்கு மட்டும் சேவை. எல்லாரும் கைக்காசு போட்டு ஓடுகிற இடத்தில் நானும் என் பங்கைப் போடுவேன், அதில் எனக்குப் பெருமைதான். எல்லாருக்கும் கூலி இருக்கிற இடத்தில் எழுத்துக்கு மட்டும் ஏன் இல்லை? காசு சம்பந்தமாக என் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு நான் சண்டை போட்டது காசுக்காக இல்லை. அதே பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, உரிமையை விற்றுவிட்டாலும் எழுதினவரிடமே தங்குகிற உரிமை. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம், தன் பெயருக்குக் கேடு வருகிற மாதிரி சிதைத்தால் தடுக்கலாம். இதை வைத்துக் கடிதம் எழுதினேன், பழைய முடிவோடு போடுங்கள், இல்லையென்றால் நிறுத்துங்கள் என்று. நிறுத்திவிட்டார்கள். நடித்துக்கொண்டிருந்த பையன்களுக்குச் சில நாள் படி போனது, அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தப் பெண் பிள்ளையும் மாற்றினாளே என்று கேட்கலாம். அவள் அம்மாவின் பக்கம் நின்று மாற்றினாள், என் கண் முன்னால் மாற்றினாள், என் பெயரை வைத்து வேறொன்றைச் சொல்லவில்லை.

அப்புறம் தனியார் பள்ளி விவகாரம். ஒரு பெரிய விடுதிப் பள்ளி, என் நாடகங்களில் மூன்றைத் தன்னுடைய செயல்பாட்டுப் புத்தகத்தில் அப்படியே போட்டிருந்தது, பெயர்கூட இல்லாமல். அந்தப் புத்தகம் கட்டணத்தில் சேர்ந்துதான் பிள்ளைகள் கைக்கு வருகிறது. கேட்டால் தாளாளர், "நாங்க டிரஸ்ட் சார், லாபம் பார்க்கிற நிறுவனம் இல்ல" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. நம் ஊரில் தனியார் பள்ளிகளைப் பெரும்பாலும் அறக்கட்டளையோ சங்கமோதான் நடத்துகிறது, காகிதத்தில் யாருக்கும் லாபம் கிடையாது. பதிவுச் சான்றிதழை வைத்து முடிவு செய்தால் இலவச மாலை வகுப்பும் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற விடுதிப் பள்ளியும் ஒன்றாகிவிடும். வாங்குகிறவர் காசு கொடுக்கிறாரா என்று பார்ப்பதுதான் நியாயம். பதிப்பாளர் மூலமாகக் கடிதம் போனதும் ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொண்டார்கள், அடுத்த வருடப் புத்தகத்தில் என் நாடகங்கள் இல்லை.

என்னை மாதிரி எழுதுகிறவர்களுக்கு ஒன்று. அனுமதி கொடுக்கிற உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் முதல் புத்தகத்துக்கு ஒரு பக்க ஒப்பந்தம், நூறு ரூபாய் விலைக்குப் பத்து ரூபாய் எனக்கு, எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கு. எத்தனை வருடத்துக்கு என்று அதில் இல்லை. அப்படி எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் அந்த உரிமை இப்போது என்னிடம் திரும்பியிருக்கிறது. அடுத்த தொகுப்பில் நடிக்கும் உரிமையை என்னிடமே வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன், பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். கட்டணமில்லாமல் நடிக்கிறவர்கள் கேட்காமலே நடிக்கலாம், முடிவை மாற்றுவதென்றால் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று இரண்டாம் பக்கத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். நடித்ததை யூடியூபில் ஏற்றி அதில் விளம்பரம் ஓடினால் என்ன செய்வது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.